நுண்ணாற்றலா? நிறுத்துக் காட்டுங்கள்!

போடிநாயக்கனூரில் ஏலம், ஏலத்தில் போகிறது. மலைமேல் விளைந்த காய் மலையடிவாரத்தில் விலை காண்கிறது. வாங்க வந்த வணிகர், விற்க வந்தவரின் குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை, "என் காய் நல்ல காய், நம்புங்கள்" என்ற வாய்ச்சொல்லுக்குச் செவி சாய்ப்பதுமில்லை. மாதிரிக் காயை அள்ளிப் பார்க்கிறார். பருமன் பார்க்கிறார், பச்சை பார்க்கிறார், பிளந்து உள்ளே விதை கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்க்கிறார், எடை பார்க்கிறார். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கின்ற காய்க்கு ஒரு விலை. நழுவி விழுகின்ற காய்க்கு வேறு விலை. சல்லடைக்குத் தாட்சணியம் தெரியாது.

ஒரு கிலோ ஏலக்காய்க்கு இத்துணைச் சோதனை நடைபெறுகின்ற நாட்டிலே, உயிரின் அடிப்படையையே மாற்றிக் காட்டுகிறோம் என்று கிளம்பியிருப்போரின் பேச்சுக்கு மட்டும் சல்லடை வேண்டாவாம்! எடைக்கல் வேண்டாவாம்! நம்பினால் போதுமாம்! ஏன் என்று கேட்கிறோம்.

என்ன சொல்கின்றனர் அவர்கள்? பேரண்டமெங்கும் ஒரு நுண்ணாற்றல் பரவியிருக்கிறதாம். சூட்சும சக்தி என்பர் சிலர், பிராண சக்தி என்பர் சிலர், உயிர்ப்புலம் என்பர் வேறு சிலர். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குச் சிக்காது. ஆனால் பயின்றவர் கையை நீட்டினால், கண்ணை மூடினால், நல்லெண்ணத்தை அனுப்பினால், அவ்வாற்றல் பாய்ந்து சென்று உயிரணுவுக்குள்ளே நுழைந்து, டி.என்.ஏ. எனும் மரபிழையின் முறுக்கையே மாற்றிவிடுமாம்! நோயாளி நலம் பெறுவார், விதை வீரியம் பெறும், விளைச்சல் பெருகும். இத்தனைக்கும் ஒரு கட்டணம் உண்டு என்பதை மட்டும் இறுதியில் மெல்லிய குரலில் சொல்வர்.

முன்பு மந்திரம் என்றனர். பிறகு அருள் என்றனர். மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் இப்பொழுது டி.என்.ஏ. என்கின்றனர். உடை மாறியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஆள் மாறவில்லை.

இது தெருமுனைப் பேச்சு, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எண்ணுவோர் உண்டு. தெருமுனையோடு நின்றிருந்தால் நாமும் நகைத்துவிட்டு நகர்ந்திருப்போம். 1990-களில் அமெரிக்கக் கலிபோர்னியாவிலுள்ள ஹார்ட்மேத் நிறுவனத்தாராகிய கிளென் ரைன், ரோலின் மெக்ரேட்டி ஆகியோர், அன்புணர்வில் ஆழ்ந்த மனிதர் சோதனைக் குழாயிலுள்ள டி.என்.ஏ.வின் முறுக்கைத் தம் விருப்பப்படி நெகிழ்த்தவும் இறுக்கவும் இயலும் என்று அறிவித்தனர். நம் நாட்டில் மகேந்திர குமார் திரிவேதி என்பார் தம் உயிர்ப்புல ஆற்றலைப் பாய்ச்சியதாகச் சொல்லி, பாகல், பீர்க்கு விதைகளின் டி.என்.ஏ. வரிவடிவம் மாறிற்று என்று 2015-ஆம் ஆண்டிலே கட்டுரைகள் வெளியிடப்பட்டன. அதே 2015-இல், இந்திய அரசின் வேளாண் அமைச்சராக இருந்த இராதா மோகன் சிங், உழவர்கள் யோகத்தின் வழியே பரமாத்ம சக்தியின் கதிர்களை விதைக்கு ஊட்டி அதன் வீரியத்தைப் பெருக்கலாம் என்று பேசினார். அமைச்சர் பேசுகிறார், ஏடுகள் வெளியிடுகின்றன, அந்தப் பேச்சு மலையேறி நம் ஏலத்தோட்டத்துக்குள் வராது என்று யார் உறுதி சொல்வார்?

ஆகவே, ஆத்திரப்படாமல் ஆராய்வோம்.

டி.என்.ஏ. என்பது மந்திரச் சொல்லன்று, ஒரு பொருள். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருள் வடிவை வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்க்ளின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் அதற்கு ஆதாரமாய் நின்றது. அடுத்த ஆண்டே, 1954-இல், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் எனும் புரதத்தின் முப்புரி வடிவை அதே எக்ஸ்-கதிர் வழியில் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். கையை நீட்டிக் கண்டதன்று. கணக்குப் போட்டுக் கண்டது. டி.என்.ஏ. இழையின் தடிமன் இரண்டு நானோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் படிகள். இரு புரிகளையும் இணைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். இவற்றையெல்லாம் அளந்திருக்கிறார்கள்.

அதை மாற்ற இயலுமா? தாராளமாக இயலும்! நீரில் கரைத்துச் சூடேற்றினால் புரிகள் பிரியும். உப்பின் அளவு குறைந்தால் விரைவில் பிரியும். காரம் ஊற்றினால் பிரியும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அடுத்தடுத்த இரு தைமின் படிகள் ஒட்டிக்கொள்ளும். காமாக் கதிர் பட்டால் இழையே அறும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில், மெக்சிகோவிலிருந்து வந்த சிவந்த கோதுமையின் மீது கதிர்வீச்சைச் செலுத்தி, பொன்னிற மணி தரும் 'ஷர்பதி சோனோரா' வகையை 1967-இல் நாட்டுக்கு வழங்கினாரே, அதுவன்றோ ஆற்றலால் மரபிழையை மாற்றியது! அங்கே ஆற்றலின் பெயர் தெரியும், அளவு தெரியும், கருவி தெரியும். எத்தனை விதை செத்தது, எத்தனை பிழைத்தது, எத்தனை மாறிற்று என்ற கணக்கும் தெரியும். தில்லியில் செய்ததைத் திருச்சியிலும் செய்யலாம். செய்பவர் பக்தராயினும் நாத்திகராயினும் காமாக் கதிர் கவலைப்படுவதில்லை.

உண்மையான ஆற்றலுக்கு இவையே அடையாளம். நுண்ணாற்றலுக்கு இவற்றில் எது இருக்கிறது? அலகு இருக்கிறதா? அளவு இருக்கிறதா? செய்பவர் மாறினாலும் மாறாத விளைவு இருக்கிறதா?

"கருவியால் அளந்தார்களே!" என்று கலிபோர்னியாவைக் காட்டுவர். அளந்ததை நாம் மறுக்கவில்லை. அளந்தது எது என்றே கேட்கிறோம். 260 நானோமீட்டர் புற ஊதா ஒளியை டி.என்.ஏ. எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது அம்முறை. இரு புரியும் முழுமையாகப் பிரிந்தால் உறிஞ்சும் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இது கல்லூரி மாணவர் அறிந்த செய்தி. ஆனால் கரைசலின் சூடு கூடினாலும் அளவு மாறும். உப்பு மாறினாலும் மாறும். குழாயில் ஒரு துளி கூடக் குறைய ஊற்றினாலும் மாறும். கண்ணாடியில் விரல் ரேகை படிந்தாலும் மாறும். எனவே, முள் அசைந்தது என்பது சான்றாகாது. அன்பு அசைத்ததா, ஆய்வாளரின் விரல் அசைத்ததா என்று பிரித்துக் காட்டுவதே சான்று. அந்தப் பிரிப்பைப் பிற ஆய்வுக்கூடங்கள் மறைகுறியிட்டுச் செய்து உறுதி கூறிய வரலாறு இல்லை.

பாகலும் பீர்க்கும் சொல்லும் கதையோ இன்னும் எளிது. ஏலத்தோட்டக்காரர் எவரும் அதைப் புரிந்துகொள்வர். ஏலம், தேனீயால் அயல் மகரந்தம் ஏற்கும் பயிர். ஒரே தாய்ச்செடியின் விதையைப் பாவி நாற்று வளர்த்தால் நாற்றுக்கு நாற்று வேறுபடும். ஒன்று சரம் நீளும், ஒன்று காய் சிறுக்கும். ஆகையால்தான் நல்ல தூரிலிருந்து பக்கக்கன்றைப் பிரித்து நடுகிறோம். கட்டப்பனைப் பகுதியின் உழவர் செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் கண்டெடுத்த 'ஞள்ளானி' இரகம் மலையெங்கும் பரவியதும் கன்று பிரித்து நட்டதால்தான். விதைக்கு விதை மரபு வேறுபடும் என்றால், ஆற்றல் பாய்ச்சிய விதையையும் பாய்ச்சாத விதையையும் ஒப்பிட்டு, "பார், டி.என்.ஏ. வேறுபடுகிறது!" என்று சொல்வதில் என்ன வியப்பு? அண்ணனையும் தம்பியையும் நிறுத்தி வைத்து, முகம் வேறுபடுகிறது, இது மந்திரத்தின் வேலை என்பது போன்ற பேச்சு அது! அத்துடன், அவர்கள் கையாண்ட ரேப்டு எனும் வரிவடிவ முறையோ, கருவியின் சூடு சற்று மாறினாலும் கோடுகள் தோன்றி மறையும் என்று அறிவியலாளரே எச்சரிக்கின்ற முறை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆர்வம் முன்பே எழுந்ததுண்டு. 1950-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைத் தலைவர் டி.சி.என். சிங், இசை ஊட்டினால் செடி விரைந்து வளர்கிறது என்று சோதனைகள் நடத்தினார். அம்முடிவை ஏற்பதா என்பது வேறு வழக்கு. ஆயினும் ஒலி என்பது அளக்கத்தக்கது. வீணையை மீட்டாமலே மீட்டியதாகச் சொல்ல முடியாது. நுண்ணாற்றல்காரரிடம் அந்த வசதிகூட நமக்கில்லை. ஆற்றலை அனுப்பினாரா, சும்மா அமர்ந்திருந்தாரா என்பதை அறியவே வழியில்லை!

"நுண்மையானது கருவிக்கு எப்படிச் சிக்கும்?" என்று கேட்பர். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லவே போடி மலை இருக்கிறது.

தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம் எனும் ஊர், போடி மேற்கு மலை. அங்கேதான் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டனர். 2015 சனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த நியூட்ரினோவைப் போல நுண்மையான துகள் வேறு உண்டா? கதிரவனிலிருந்து புறப்பட்டு, நம் விரல் நகம் அளவுள்ள இடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. உடல் முழுவதற்கும் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழக் கோடி கோடி! இரவிலும் பாய்கின்றன, பூமியையே துளைத்துக்கொண்டு வந்து. ஏலம் பறிக்கும் பெண்ணின் உடலிலும் பாய்கின்றன, ஏலம் கூறும் வணிகர் உடலிலும் பாய்கின்றன. அவற்றுள் நம் உடலின் ஓர் அணுவோடு மோதுவது வாழ்நாளில் ஒன்று என்ற அளவே. 50,000 டன் இரும்பை அடுக்கி, அதன்மேல் ஒரு கிலோமீட்டர் பாறையைப் போர்த்திக் காத்திருந்தாலும், வளிமண்டலத்து நியூட்ரினோ நாளொன்றுக்குச் சிலவே சிக்கும் என்றுதான் அங்கே கணக்கிட்டனர்.

இங்கே கூர்ந்து நோக்குங்கள். நியூட்ரினோவையும் ஒரு காலத்தில் எவரும் கண்டதில்லை. 1930-இல் பௌலி என்பார் இருக்கக்கூடும் என்றார். "நம்புங்கள்" என்று மடம் கட்டவில்லை! எவ்வளவு அரிதாக மோதும் என்று கணக்கிட்டார்கள். கணக்குக்கு ஏற்பக் கருவி செய்தார்கள். 1956-இல் ரெய்ன்சும் கோவனும் பிடித்துக் காட்டினர். 1965-இல் நம் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலேயே வளிமண்டல நியூட்ரினோ பதிவாயிற்று. நுண்மை, சோதனைக்கு விலக்கன்று. இன்னும் பெரிய சோதனைக்கு அழைப்பு.

இதிலிருந்து ஒரு நெறி கிடைக்கிறது. ஒரு பொருளை மிகுதியாகத் தாக்காதது எதுவோ, அதுவே நுண்மையானது. மரபிழையைத் தாக்கும் அளவுக்கு வலிமை இருந்தால் கருவியையும் தாக்கும். கருவியைத் தாக்காத அளவுக்கு மென்மையாயின் மரபிழையையும் தாக்காது. டி.என்.ஏ.வும் அணுக்களால் ஆனது; கருவியும் அணுக்களால் ஆனது. கருவியைக் கண்டால் ஒளிந்துகொள்வேன், கட்டணம் கட்டியவரின் உயிரணுவைக் கண்டால் மட்டும் வெளிப்படுவேன் என்று சொல்கின்ற ஆற்றல், ஆற்றலன்று, வணிகத் தந்திரம்.

இந்த நெறி இருபுறமும் வெட்டும். வெட்டட்டும்! நியூட்ரினோ பாய்ந்தால் கதிர்வீச்சால் கேடு வரும், உடல் கெடும் என்ற அச்சம் மலையடிவாரச் சிற்றூர்களில் பரவிற்று. அந்த அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. ஆய்வுக்கூடம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பாயும் நியூட்ரினோ ஒன்றே. திட்டத்தை எதிர்க்க வேறு காரணங்கள் எழுப்பப்பட்டன: மலையைக் குடையும் வெடி, பாறைக் கழிவு, நீரூற்று, மதிகெட்டான் சோலையை அடுத்த காடு, புலிகளின் வழித்தடம். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இடந்தர இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தபோது முன்வைத்ததும் காட்டையும் மலையையும் பற்றிய கவலையையே. அக்காரணங்கள் வாதிடத் தக்கவை. அவற்றுக்குத் துணையாகப் பொய்யச்சம் தேவையில்லை. நமக்கு வேண்டியவர் சொன்னாலும் அளவுகோல் ஒன்றே, வேண்டாதவர் சொன்னாலும் ஒன்றே. ஆளுக்கொரு படிக்கல் வைத்திருப்பவன் வணிகனல்லன்.

சரி, சோதனை எப்படி? அது கோடிக்கணக்கில் செலவாகும் வேலையன்று. ஒரே குடுவையில் கரைத்த டி.என்.ஏ.வை இருபது குழாய்களில் சம அளவு ஊற்றுங்கள். சீட்டுக் குலுக்கிப் பத்தை எடுத்து ஆற்றல்காரரிடம் கொடுங்கள். மீதிப் பத்தை, அதே சூடுள்ள மற்றோர் அறையில், எந்த ஆற்றலும் தமக்கில்லை என்று சொல்கின்ற ஒருவர் முன் வையுங்கள். மனிதர் உடலின் வெம்மைகூட இருபுறமும் சமமாக இருக்கட்டும். பிறகு மூன்றாமவர் ஒருவர் இருபது குழாய்க்கும் புதிய எண் இட்டு, எண் பட்டியலை உறையிலிட்டு அரக்கு வைக்கட்டும். எது எது என்று அறியாத நான்காமவர் அளக்கட்டும். எவ்வளவு மாறினால் வெற்றி என்பதை அளப்பதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். அதன்பின் உறையைப் பிரியுங்கள். வேறோர் ஊரில், வேறொருவர் கையால், மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். அவ்வளவுதான்!

தோட்டத்துச் சோதனை வேண்டுமா? விதை வேண்டாம், ஒரே இரகத்தின் பக்கக்கன்றுகளை எடுங்கள். ஒரே சரிவு, ஒரே நிழல், ஒரே நீர், ஒரே உரம். எதற்கு ஆற்றல், எதற்கு இல்லை என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும். காய் பறிப்பவரும் எடை போடுபவரும் அதை அறியாதிருக்கட்டும். மலைமேலேயே மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏலத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. இப்படிப்பட்ட ஒப்பீடு அத்தகைய இடங்களின் அன்றாட வேலை. உரத்தையும் மருந்தையும் இரகத்தையும் இவ்வாறு தேர்ந்த பின்னரே உழவருக்குப் பரிந்துரைக்கின்றனர். ஆற்றலுக்கு மட்டும் ஏன் கொல்லைப்புற வழி?

இத்தகைய சோதனைகள் நடந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்வோம். எமிலி ரோசா எனும் ஒன்பது வயது அமெரிக்கச் சிறுமி, நோயாளியின் ஆற்றல் புலத்தைக் கையால் உணர்கிறோம் என்ற சிகிச்சையாளர்களைச் சோதித்தாள். இடையே ஓர் அட்டைத் தடுப்பு. என் கை உன் வலக்கைக்கு மேல் இருக்கிறதா, இடக்கைக்கு மேல் இருக்கிறதா என்பதே கேள்வி. 21 பேர், 280 முறை. சரியான விடை 123, நூற்றுக்கு 44. காசைச் சுண்டியிருந்தால்கூட நூற்றுக்கு 50 கிடைத்திருக்கும்! 1998-இல் அமெரிக்க மருத்துவக் கழக ஏடு அதை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1988-இல், மருந்து கரைந்து மறைந்த பின்னும் நீர் அதை நினைவில் வைத்திருக்கிறது என்ற பிரெஞ்சு அறிஞர் பென்வெனிஸ்தின் ஆய்வுக்கூடத்துக்கு 'நேச்சர்' ஏட்டார் சென்று, குழாய்களுக்கு மறைகுறியிட்டுச் செய்யச் சொன்னார்கள். நீரின் நினைவு அங்கே மறைந்துபோயிற்று. இலங்கையிலே, தாவரவியல் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு இலட்சம் ரூபாய் என்று 1963-இல் அறைகூவல் விடுத்தார். 1978-இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை.

தோற்றவர் என்ன சொல்வர் என்பதும் நாம் அறிந்ததே. ஐயுறுவோர் அருகிலிருந்தால் ஆற்றல் பின்வாங்குமாம். அப்படியானால் அதைவிட நம் ஐயம் வலிமையுள்ளதன்றோ! ஐயத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கலாமே! சோதனை என்பதே ஆணவமாம். கூலிக்குப் பறித்த காயை நிறுத்து எடை போடும்போது தொழிலாளி ஆணவம் என்றா சொல்கிறாள்? எடைக்கல்லைக் கண்டு சினப்பவர், எடை குறைவு என்பதை அறிந்தவர்.

"நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கும் நல்லவர்களுக்கு ஏலத்தோட்டத்தைக் காட்டுகிறோம். ஏலத்துக்குக் 'கட்டே' என்று ஒரு நோய் உண்டு. இலையில் வெளிர்ந்த கோடுகள் ஓடும், செடி குறுகும், விளைச்சல் வீழும். நச்சுயிரால் வருவது, அசுவினி எனும் சிறு பூச்சி தூருக்குத் தூர் சுமந்து செல்வது. அந்த நச்சுயிரின் மரபுப் பொருள் டி.என்.ஏ.கூட அன்று, ஆர்.என்.ஏ.! நோய் கண்ட செடியைக் குணமாக்க மருந்தில்லை. கண்டவுடன் தூரோடு பிடுங்கி அழிப்பதும், நோயற்ற கன்றை நடுவதுமே வழி. கடன் வாங்கிப் பயிரிட்ட ஒருவர், செடியின் டி.என்.ஏ.வை ஆற்றல் சீராக்கிவிடும் என்று நம்பி, பிடுங்காமல் காத்திருந்தால் என்ன ஆகும்? அசுவினி காத்திருக்குமா? அவர் தோட்டம் மட்டுமா போகும்? அண்டைத் தோட்டம் போகும். அதிகாலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து மலையேறுகின்ற பெண்களின் அன்றாடக் கூலி போகும். செடிக்கே இந்த நிலையென்றால், புற்றுநோய்க் கட்டியை வைத்துக்கொண்டு, மரபிழை திருந்தட்டும் என்று மருத்துவமனைக்குப் போகாமல் மாதங்களைக் கழிப்பவரின் நிலை என்ன? நம்பிக்கையின் விலையை விற்றவர் செலுத்துவதில்லை. வாங்கியவர் செலுத்துகிறார், அவர் குழந்தைகள் செலுத்துகின்றனர்.

மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-இலேயே இந்நாட்டில் சட்டம் வந்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். எழுதிய ஏட்டை மூடி வைத்துவிட்டு, அமைச்சரே விதைக்குக் கதிர் ஊட்டச் சொன்னால், கடமையை நினைவூட்டும் வேலை குடிமக்களாகிய நமக்கு வந்து சேருகிறது.

எனவே, ஏலமலை மக்களே, ஆற்றல் விற்க வருவோரை அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம். அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, மூன்று கேள்விகள் கேளுங்கள். உம் ஆற்றலின் அளவு என்ன? அது இல்லையென்று எந்தச் சோதனையில் தெரியவந்தால் நீர் ஒப்புக்கொள்வீர்? அந்தச் சோதனையை, எண்ணிட்ட குழாயில், அரக்கிட்ட உறையில், எங்கே எப்பொழுது செய்து காட்டினீர்? விடை சொல்லி, சோதனையில் வென்று வருவாரானால் முதல் மாலையை நாமே சூட்டுவோம். இயற்பியல் நூல்களைத் திருத்தச் சொல்லி இந்த ஏட்டிலேயே எழுதுவோம். விடையில்லையேல், அவர் ஏறிவந்த மலைப்பாதையை அவருக்குக் காட்டுங்கள். காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.